வெற்றுத்தாளும் வெகுளியும்: மாருகி இணையரின் ஹிரோஷிமாத் திரைகள்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் போரின் அழிவைப் பொருளாகக் கொண்டு எழுந்த ஓவியங்கள் பல. அவற்றுள் நெடுங்காலம் தொடர்ந்து வரையப்பெற்றதும், வரைந்தோரையே படிப்படியாக மாற்றியதுமான படைப்பு, ஜப்பானிய ஓவியர்களான மாருகி இரி (1901–1995), மாருகி தோஷி (1912–2000) என்னும் கணவன் மனைவியர் இணைந்து உருவாக்கிய 'அணுகுண்டுப் படங்கள்' என்னும் தொகுதியாகும். 1950 முதல் 1982 வரையிலான காலத்தில் 15 திரைகள் வரையப்பெற்றன. திரை ஒன்று 1.8 மீட்டர் உயரமும் 7.2 மீட்டர் அகலமும் உடையது. ஜப்பானிய மரபின் மடிப்புத்திரை அமைப்பில் எட்டு மடிப்புகளாக நிற்பது. நாகசாகி நகரில் உள்ள 15ஆம் திரை நீங்கலாக ஏனைய 14 திரைகளும் சைதாமா மாவட்டத்தில் ஓவியர்களே 1967இல் நிறுவிய மாருகி கலைக்கூடத்திற்கு உரியன.

இத்தொகுதியைப் பற்றி எழுதுவோர் பலரும் முதல் மூன்று திரைகளை விரித்துரைத்துவிட்டு, எஞ்சியவற்றைப் பட்டியலிட்டு, 'அமைதியின் ஓவியம்' என்னும் பெயரைச் சூட்டி நின்றுவிடுகின்றனர். அப்பெயர் பிழையன்று, ஆனால் போதாது. முதல் திரைகளில் ஓவியர்கள் தம் கலைத்தேவை கருதி ஒரு வெற்றிடத்தை விட்டுவைத்தனர். இருபது ஆண்டுகளுக்குப் பின்னர் அவ்வெற்றிடத்தில் யார் நின்றிருக்க வேண்டும் என்னும் வினா அவர்களை எதிர்கொண்டது. அவ்வினாவிற்கு அவர்கள் தூரிகையால் சொன்ன விடையே இத்தொகுதியின் உயிர்நிலை என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

இரு கைகள்

மாருகி இரி ஹிரோஷிமாப் பகுதியின் வேளாண் குடியில் பிறந்தவர். கரிய மையும் நீரும் கொண்டு தீட்டும் கீழை ஓவிய மரபில் பயின்றவர். தோஷி வடக்கே ஹொக்கைடோவில் புத்தக்கோயில் ஒன்றைச் சார்ந்த குடும்பத்தில் பிறந்தவர். டோக்கியோவில் மேலை முறை எண்ணெய் வண்ண ஓவியம் கற்றவர். இருவரும் 1941இல் மணம் புரிந்தனர். 1945 ஆகஸ்ட் 6ஆம் நாள் ஹிரோஷிமாவில் குண்டு வீழ்ந்த செய்தி கேட்டு இரி சில நாள்களுக்குள் தம் ஊர் சென்றார், தோஷி பின்தொடர்ந்தார். உறவினர் சிலரை அவர்கள் இழந்திருந்தனர். அங்கு ஒரு திங்கள் அளவில் தங்கிப் புண்பட்டோர்க்கு உதவினர். இறந்தோரை எரியூட்டும் பணியிலும் பங்குகொண்டனர். அப்போது அவர்கள் அதனை வரையவில்லை. மூன்று ஆண்டுகள் கழிந்த பின்னரே வரையும் எண்ணம் உருப்பெற்றது என்பதும், முதல் திரை நிறைவுற ஐந்தாம் ஆண்டு ஆயிற்று என்பதும் கருதத்தக்கன.

இவ்விருவர் இணைந்து பணிசெய்த முறையே தனி ஆய்விற்குரியது. மனித உடலைத் தோஷி கோட்டால் துல்லியமாக வரைவார். தம் வீட்டிற்கு வந்தோரையும் அண்டை அயலாரையும் நிற்கவைத்து, ஏன், தாமே ஒருவர்க்கொருவர் நின்றும் பழகி வரைந்த உருவங்கள் அவை. அவற்றின்மேல் இரி நீர்த்த மையை ஊற்றிவிடுவார். துல்லியம் மறையும். காய்ந்தபின் தோஷி மீண்டும் கோடு இழுப்பார். இரி மீண்டும் ஊற்றுவார். வரைவதும் அழிப்பதும் மாறி மாறி நிகழ்ந்து, இனி இயலாது என்னும் நிலையில் ஓவியம் நிற்கும். இருவர்க்கும் இதனால் எழுந்த பூசல்களை அவர்களே பின்னாளில் மறைக்காமல் சொல்லியுள்ளனர். அழிவைப் பொருளாகக் கொண்ட ஓவியத்தின் ஆக்கமுறையிலேயே அழித்தல் ஓர் உறுப்பாக அமைந்துவிட்டது. இதனைக் குறியீடாக்கி வியப்பதைவிட அதன் விளைவைத் திரையில் காண்பதே பயன்தரும். தோஷியின் கோடு ஒருவரை ஒருவராகக் காட்டுகிறது. இரியின் மை அவரைக் கூட்டத்துள் கரைக்கிறது. இவ்விரண்டிற்கும் இடையே நடுங்கும் உருவங்களே நமக்குக் கிட்டுவன.

காணத் தடைசெய்யப்பட்ட காட்சி

முதல் திரை வரையப்பெற்ற காலத்தில் ஜப்பான் அமெரிக்கப் படையின் ஆட்சியில் இருந்தது. 1945 செப்டம்பரில் பிறப்பிக்கப்பட்ட அச்சு ஊடக விதிகளின்படி அணுகுண்டின் விளைவுகளைக் காட்டும் ஒளிப்படங்களும் செய்திகளும் கட்டுப்படுத்தப்பட்டன. குண்டு வீழ்ந்த மறுநாளே நாகசாகியில் யமஹாத்தா யோசுகே எடுத்த படங்களை மக்கள் பரவலாகக் காண 1952 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டு ஏப்ரலில் அயலாட்சி முடிந்த பிறகே ஆகஸ்டு 6ஆம் நாளிட்ட 'அசாஹி குராஃபு' இதழ் அணுகுண்டுப் படங்களைத் தாங்கி வந்தது. ஆகவே 1950 பிப்ரவரியில் டோக்கியோவில் 'ஆகஸ்ட் 6' என்னும் தலைப்பில் காட்சிக்கு வைக்கப்பட்ட முதல் திரை, பெருந்திரளான ஜப்பானியர்க்கு ஓவியமாக மட்டும் அமையவில்லை. அவர்கள் காணாத நிகழ்ச்சியின் முதற்செய்தியாகவும் அமைந்தது. தலைப்பில் 'அணுகுண்டு' என்னும் சொல் இல்லாமையும் நோக்கத்தக்கது. 'ஆவிகள்' என்னும் பெயர் பின்னர் நிலைபெற்றது. அதன்பின் திரைகள் ஊர் ஊராகப் பள்ளிகளுக்கும் கோயில்களுக்கும் அரங்குகளுக்கும் கொண்டுசெல்லப்பட்டன. 

இங்கு மற்றொன்றையும் நினைவிற்கொள்ள வேண்டும். போர் ஓவியம் ஜப்பானியர்க்குப் புதிதன்று. போர்க்காலத்தில் அரசும் படைத்துறையும் ஓவியர்களைக் கொண்டு நூற்றுக்கணக்கான ஓவியங்களை வரைவித்தன. ஃபுஜிதா சுகுஹாரு 1943இல் வரைந்த அட்டு தீவின் இறுதிப் போர் பற்றிய ஓவியம் அவற்றுள் பெரிதும் அறியப்பட்டது. பழுப்பும் கருமையும் கலந்த இருளில், எவர் எப்பக்கத்தவர் என்று பிரித்தறிய இயலாதவாறு வீரர்கள் ஒருவர்மேல் ஒருவர் கிடக்கும் காட்சி அது. போர் முடிந்தபின் அமெரிக்கர் கைப்பற்றிக் கொண்டுசென்ற 153 போர் ஓவியங்கள் 1970இல் காலவரையற்ற கடனாக ஜப்பானுக்குத் திரும்பின. உடற்குவியலைக் காட்டும் திறன் ஜப்பானிய ஓவியத்தில் இல்லாமல் இல்லை. அத்திறன் போரைப் புனிதமாக்கும் பணியில் செலவழிந்திருந்தது. மாருகி இணையர் அதே உடற்குவியலை வரையும்போது அந்த இருட்டைத் தவிர்த்தாக வேண்டியிருந்தது. அவர்கள் வெண்மையைத் தேர்ந்தனர்.

முதல் மூன்று திரைகள்

'ஆவிகள்' (1950) என்னும் முதல் திரையில் ஆடை எரிந்துபோன மக்கள் கூட்டமாக நடந்துவருகின்றனர். கைகள் முன்னே நீண்டு தொங்குகின்றன. விரல்நுனிகளில் உரிந்த தோல் கந்தல்போலத் தொங்குகிறது. பெண்கள், கருவுற்றோர், சிறார் என உருவங்கள் நெருங்கிச் செறிந்துள்ளன. இடிந்த கட்டடம் இல்லை. வானூர்தி இல்லை. இன்று அணுகுண்டு என்றதும் எவர் நினைவிலும் எழும் காளான் முகிலும் இல்லை. உருவங்களுக்குப் பின்னே இருப்பது தாள், தாளின் வெண்மை.

காளான் முகில் தவிர்க்கப்பட்டமை தற்செயலாக இருக்க இயலாது. அம்முகில் குண்டை இட்டோர் கண்ட காட்சி; மேலிருந்தும் தொலைவிலிருந்தும் மட்டுமே முழுமையாகத் தெரிவது. கீழே நின்றவர் கண்டது ஒளியும் பின் ஒருவரையொருவரும் மட்டுமே. ஓவியர்கள் தம் பார்வையைத் தரையில், ஆள் உயரத்தில் நிறுத்தினர். 1.8 மீட்டர் உயரமுள்ள திரையின்முன் நிற்பவர்க்கு உருவங்கள் ஏறத்தாழ அவர் அளவிலேயே எதிர்வருகின்றன. ஓவியத்தை 'நோக்குதல்' என்னும் செயல் இங்கே 'எதிர்ப்படுதல்' ஆகிவிடுகிறது.

'நெருப்பு' (1950) என்னும் இரண்டாம் திரையில் செந்தழல் உடல்களைச் சுற்றி நாக்கு நீட்டுகிறது. அதன் தழல் வடிவம் ஜப்பானியப் பழைய சுருள் ஓவியங்களில், குறிப்பாக 12ஆம் நூற்றாண்டைச் சார்ந்த நரகச் சுருள்களில் காணப்படுவதோடு ஒப்பிடத்தக்கது என்பதைத் திறனாய்வாளர் பலர் சுட்டியுள்ளனர். ஒப்புமை உண்மையே. எனினும் வேறுபாடே இங்குப் பெரிது. நரகச் சுருளில் எரிபவர் வினைப்பயன் நுகர்பவர். அங்கே தண்டிக்கும் பேயும் அருகில் நிற்கும். குற்றத்திற்கும் தண்டனைக்கும் கணக்கு நேராகும். இத்திரையில் எரிபவர் மட்டுமே உளர். எரிப்போர் இல்லை, குற்றமும் இல்லை. நரகத்தின் வடிவத்தை எடுத்துக்கொண்டு நரகத்தின் நியாயத்தை நீக்கிவிட்டமையால், மரபில் ஊறிய ஜப்பானியப் பார்வையாளர்க்கு இத்திரை மேலைநாட்டார்க்கு அளிப்பதைவிடக் கூடுதலான அதிர்ச்சியை அளித்திருக்கும் எனலாம்.

'நீர்' (1950) என்னும் மூன்றாம் திரை, தீயிலிருந்து ஆற்றை நாடி ஓடியவர்களைக் காட்டுவது. உடல்கள் குவிந்து கிடக்கின்றன.  இறந்த மகவை ஏந்திய தாய் ஒருத்தி இதில் இடம்பெறுகிறாள். தாயும் சேயும் என்னும் உருவம் கீழை, மேலை மரபுகள் இரண்டிலும் நம்பிக்கையின் வடிவம். இங்கு அது தலைகீழாகிறது. மூன்று திரைகளுள் இதுவே ஆழமானது என்பது இக்கட்டுரையின் கணிப்பு. 'ஆவிகள்' அச்சுறுத்துகிறது, 'நெருப்பு' வியப்பும் அளிக்கிறது, 'நீர்' மட்டுமே அமைதியாக இருந்து பார்வையாளரை அகலவிடாமல் பிடித்துக்கொள்கிறது.

இவ்வளவு வரைந்த பின்னும் தாம் வரைந்த மாந்தர் 900 பேர் அளவினரே என்று ஓவியர்கள் கணக்கிட்டுப் பார்த்துள்ளனர். ஹிரோஷிமாவில் 1945 இறுதிக்குள் இறந்தோர் ஏறத்தாழ 1,40,000 பேர் என்பது அந்நகர் ஏற்றுள்ள மதிப்பீடு. வாழ்நாள் முழுதும் வரைந்தாலும் இறந்தோரை வரைந்து முடிக்க இயலாது என்னும் உணர்வே தொகுதி நீண்டதற்குக் காரணம் என்பது அவர்கள் கூற்று. எண்ணிக்கையைப் பற்றிய இவ்வுணர்வு பின்னர் எவரை எண்ணினோம், எவரை எண்ணாது விட்டோம் என்னும் வினாவாக மாறியது.

அழகு என்னும் இடர்

இத்திரைகளுக்கு எதிராக அக்காலத்திலேயே இருவகை மறுப்புகள் எழுந்தன. இவை மிகைப்படுத்தப்பட்டவை, இத்துணைக் கொடுமை நிகழ்ந்திராது என்றனர் சிலர். நேரில் பட்டவர்களோ, நிகழ்ந்தது இதனினும் கொடியது, ஓவியம் அழகாக இருக்கிறது என்றனர். முதல் மறுப்பை வரலாறு தள்ளிவிட்டது. இரண்டாம் மறுப்பு இன்றும் நிற்கிறது. தோஷியின் உருவங்கள் மேலைக் கல்விக்கூடத்தில் பயின்ற ஆடையற்ற உடலின் வடிவெழில் உடையவை. சில பெண்ணுருவங்களின் கழுத்தும் தோளும் தீக்காயத்தையும் மீறி அழகியவை. தீக்காயமுற்ற உடல் வீங்கி உருவிழக்கும் என்பதை அறிந்தவர்கள் ஏன் இவ்வாறு வரைந்தனர்?

பாதிக்கப்பட்டோரைப் பார்வையாளர் அருவருத்து விலகிவிடாமல் இருத்தல் வேண்டும் என்பது ஒரு காரணமாகலாம். தப்பிப் பிழைத்தோர் தம் உருவின் பொருட்டு ஒதுக்கப்பட்ட சமூகத்தில் அவ்வச்சம் வெற்றச்சம் அன்று. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அழுகைக்கும் இளிவரலுக்கும் தனித்தனி நிலைக்களன்கள் கூறும். இளிவரல், காண்போரை விலக்கும். அழுகை நெருங்கச் செய்யும். இளிவரலாக முடிந்திருக்க வேண்டிய காட்சியை அழுகையாக மாற்றுவதற்கு ஓவியர்கள் அழகைக் கருவியாக்கினர். அதற்கு அவர்கள் கொடுத்த விலையும் உண்டு. உண்மையின் ஒரு பகுதி திரைக்கு வெளியே நின்றுவிட்டது. இதனைப் புகழ்ச்சியால் மூடுவது ஓவியர்க்குச் செய்யும் நன்றியாகாது.

வெகுளி எங்கே?

அதே மெய்ப்பாட்டியல் வெகுளிக்குக் கூறும் நான்கு நிலைக்களன்களை இங்கே எண்ணிப்பார்த்தல் தகும்: உறுப்புகளை அறுத்தல், குடியினரை நலிதல், அலைத்தல், கொல்லுதல். இந்நான்கும் ஹிரோஷிமாவில் ஒரு நொடியில் நிகழ்ந்தன. ஆயினும் முதல் மூன்று திரைகளில் அழுகை உண்டு, அச்சம் உண்டு, வெகுளி இல்லை. எந்த முகத்திலும் சினம் இல்லை. எந்தக் கையும் எவரையும் சுட்டவில்லை.

அயலாட்சியின் தணிக்கையை இதற்குக் காரணமாகக் கூறலாம். ஆனால் 1952க்குப் பின் வந்த திரைகளிலும் இந்நிலை உடனே மாறவில்லை. ஆகவே காரணம் ஓவியத்தின் கட்டமைப்பிலேயே தேடத்தக்கது. வெகுளிக்கு எதிர்நிற்பவன் ஒருவன் வேண்டும். பின்புலத்தை வெறுமையாக விட்ட ஓவியத்தில் எதிர்நிற்பவனுக்கு இடமில்லை. வானத்தையும் வானூர்தியையும் நீக்கியபோது குண்டை இட்டவனும் நீங்கினான். அவனோடு, அப்போரைத் தொடங்கிய அரசும் ஹிரோஷிமாவின் படைத்தளமும் நீங்கின. எஞ்சியது நாடற்ற, காலமற்ற துன்பம். உலக மக்கள் அனைவரும் தம்முடையதாக உணரத்தக்க துன்பமாக இது அமைந்தமைக்கு இவ்வெறுமையே காரணம். ஆனால் இதே வெறுமை, அணுகுண்டை ஒரு பெருவெள்ளம்போல, நிலநடுக்கம்போல எண்ணவும் இடந்தருகிறது. இரியின் தாய் மாருகி சுமா எழுபது வயதிற்குப் பின் ஓவியம் வரையத் தொடங்கியவர். ஹிரோஷிமாவில் குண்டுவீச்சிற்குத் தப்பியவர். மலைச்சரிவு தானாக நிகழும், குண்டோ மனிதர் போடாமல் விழாது என்னும் பொருள்பட அவர் கூறியது மாருகி இணையரின் வாழ்வில் திரும்பத் திரும்ப நினைவுகூரப்பட்ட கூற்று. அம்மூதாட்டி ஒரு தொடரில் கண்டதை அவர் மகனும் மருமகளும் ஓவியத்தில் காண இருபது ஆண்டுகள் ஆயின.

இடைப்பட்ட திரைகளை இங்கு விரைந்து கடக்கலாம். 'வானவில்', 'சிறுவர் சிறுமியர்' (1951), 'அணுப் பாழ்நிலம்' (1952), 'மூங்கிற்காடு', 'மீட்பு' (1954) ஆகியன முதல் மூன்றின் விரிவுகள். 1954 மார்ச்சில் பிகினித் தீவில் அமெரிக்கா நடத்திய நீரியக் குண்டுச் சோதனையின் கதிர்வீச்சுத் தூள் ஜப்பானிய மீன்பிடிப் படகொன்றின்மேல் படிந்த நிகழ்ச்சியை அடுத்து 'யாயிசு' (1955) வந்தது. யாயிசு என்பது அப்படகின் துறைமுகம். தொடர்ந்து நாடெங்கும் எழுந்த அணுகுண்டு எதிர்ப்புக் கையொப்ப இயக்கத்தைப் பொருளாகக் கொண்டது 'கையொப்பம்' (1955). இது தொகுதியில் வலுக்குன்றிய திரை. அதில் மக்கள் நன்மக்களாக மட்டுமே காட்டப்படுகின்றனர். இயக்கத்தின் சுவரொட்டிக்குப் பொருந்தக்கூடியது திரைக்குப் பொருந்தவில்லை. கையொப்பமிடுவோர் அனைவரும் குற்றமற்றோர் என்னும் எளிய நம்பிக்கை அதில் உறைந்துள்ளது. அந்நம்பிக்கையே அடுத்து உடைந்தது.

அயல்நாட்டில் கேட்ட வினா

1970–71இல் இத்திரைகள் அமெரிக்க நகரங்களில் காட்சிக்கு வைக்கப்பட்டன. குண்டை இட்ட நாட்டில் எதிர்ப்பை எதிர்பார்த்துச் சென்றவர்களிடம் அங்கே ஒருவர் அமைதியாக ஒன்று கேட்டார்: சீன ஓவியர் ஒருவர் நான்ஜிங் படுகொலையை வரைந்து ஜப்பானுக்குக் கொண்டுவந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? 1937 டிசம்பரில் ஜப்பானியப் படை அந்நகரில் புகுந்து நிகழ்த்திய கொலைகளையும் பாலியல் வன்கொடுமைகளையுமே அவர் குறித்தார். இவ்வினாவை ஓவியர்கள் ஊருக்கு எடுத்துவந்தனர். அவ்வினா தம்மைத் தாக்கியமையை அவர்கள் மறைக்கவில்லை.

1971இல் வரையப்பெற்ற 13ஆம் திரை 'அமெரிக்கப் போர்க்கைதிகளின் மரணம்'. 1945 ஜூலை இறுதியில் சுட்டு வீழ்த்தப்பட்ட வானூர்திகளைச் சார்ந்த அமெரிக்க வீரர்கள் ஹிரோஷிமாவில் சிறைவைக்கப்பட்டிருந்தனர். தம் நாட்டின் குண்டிற்கே அவர்கள் இரையாயினர். குண்டிற்குத் தப்பிய கைதி ஒருவர் அயோய் பாலத்தருகே கட்டப்பட்டிருந்ததையும், அவ்வழிச் சென்றோர் அவரைத் தாக்கியதையும் கண்டதாகச் சாட்சிகள் உரைத்துள்ளனர். இதுவரை தோல் உரிந்து நடந்த அதே மக்கள், அதே ஆடையற்ற உடலோடு, இத்திரையில் மற்றோர் உடலைச் சூழ்கின்றனர். தொகுதியில் முதன்முதலாக வெகுளி நுழைகிறது. அது வானத்தில் இருப்பவனை நோக்கி எழவில்லை. கைக்கு எட்டியவன்மேல் பாய்கிறது.

இத்திரையின் துணிவை உணர்வதற்கு அது தோன்றிய சூழலை எண்ண வேண்டும். அணுகுண்டிற்கு ஆளானோர் மாசற்ற துன்புற்றோர் என்பது ஜப்பானின் போருக்குப் பிந்தைய தன்னுணர்வில் உறுதிப்பட்டிருந்த கருத்து. அக்கருத்து பரவுவதற்கு 'ஆவிகள்' திரையும் துணைநின்றது. அதனைக் குலைக்கும் உரிமை வேறெவரையும்விட இவ்வோவியர்க்கே இருந்தது எனலாம். மற்றெவரேனும் வரைந்திருப்பின் துன்புற்றோரை இழிவுபடுத்தியதாகப் பழிக்கப்பட்டிருப்பர்.

1972இல் வந்த 14ஆம் திரை 'காகங்கள்'. இத்தொகுதியின் உச்சம் இதுவே. ஜப்பான் கொரியாவை 1910 முதல் 1945 வரை ஆண்டது. அங்கிருந்து வேலைக்காக வந்தோரும் வலிந்து கொண்டுவரப்பட்டோருமாகப் பெருந்தொகையினர் ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் இருந்தனர், ஆயிரக்கணக்கில் மாண்டனர். கொரியர் பிணங்கள் இறுதிவரை அகற்றப்படாமல் விடப்பட்டன, அவற்றைக் காகங்கள் கொத்தின என்பதை எழுத்தாளர் இஷிமுரே மிச்சிகோவின் எழுத்து வழியாக ஓவியர்கள் அறிந்தனர். திரை முழுவதும் கருமை. காகங்களின் சிறகும் பிணங்களின் உடலும் பிரித்தறிய இயலாத கருமை. அதனிடையே கொரியப் பெண்டிரின் மரபுடையான சிமா சொகோரி வெண்மையாக மிதந்து செல்கிறது.

முதல் திரையோடு இதனை அருகருகே வைத்துக் காண வேண்டும். அங்கே தாள் வெண்மை, உடல் கருமை. ஆடை எரிந்துவிட்டதால் எவர் எந்நாட்டவர் என்று அறியும் குறி எதுவும் இல்லை, அனைவரும் மனிதர். இங்கே தாளின் வெண்மை முற்றிலும் மூடப்பட்டுவிட்டது. எஞ்சிய வெண்மை ஆடைக்கு மட்டுமே உரியது. அவ்வாடை நாட்டைச் சொல்கிறது. பிணங்களாகக் கிடக்கும்போதுகூட மனிதர் ஒரு தன்மையர் ஆகவில்லை, அங்கும் வேற்றுமை காட்டப்பட்டது என்னும் செய்தியை ஓவியர்கள் கதையால் உரைக்கவில்லை. வெண்மையை ஓரிடத்தினின்று எடுத்து மற்றோரிடத்தில் வைத்ததன் வாயிலாக உரைக்கின்றனர். 'மனிதர் அனைவரும் ஒன்று' என்னும் முதல் திரையின் அறத்திற்கு இது மறுப்பு அன்று. அவ்வறத்தின் பெயரால் மறைக்கப்பட்டவர்களை அழைத்துவந்து அதன்முன் நிறுத்துவது.

இத்திரை வெறும் கற்பனைக் குற்றவுணர்வு அன்று என்பதற்கு நகரின் வரலாறே சான்று. ஹிரோஷிமாவில் மாண்ட கொரியர்க்கான நினைவுச்சின்னம் 1970இல் எழுப்பப்பட்டபோது அது அமைதிப் பூங்காவிற்கு வெளியேதான் இடம்பெற்றது. பூங்காவினுள் அது மாற்றப்பட்டது 1999இல். 'காகங்கள்' வரையப்பெற்று 27 ஆண்டுகளுக்குப் பின்னரே கல்லும் உள்ளே வந்தது.

இதன்பின் இணையர் 'நான்ஜிங் படுகொலை' (1975), 'அவுஷ்விட்ஸ்' (1977), 'மினமாட்டா' (1980) ஆகிய பேரோவியங்களை வரைந்தனர். அமெரிக்காவில் கேட்ட வினாவிற்குச் சீன ஓவியரை எதிர்பார்க்காமல் தாமே விடையளித்தது முதலாவது. 'அவுஷ்விட்ஸ்' அத்துணை வெற்றி பெற்றதாகக் கூற இயலாது. நேரில் அறியாத துயரை அறிந்த உருவங்களைக் கொண்டு நிரப்பும் பழக்கம் அதில் தெரிகிறது.

பிறர் கைகள் நிரப்பிய தாள்

வெற்றுத்தாள் பற்றிய இவ்வாராய்ச்சியில், தொழில்முறை ஓவியர் அல்லாதோர் வரைந்த படங்களை ஒதுக்குதல் தகாது. 1974இல் முதியவர் ஒருவர் தாம் கண்டதைத் தாமே வரைந்து ஹிரோஷிமாவின் என்.எச்.கே. ஒலிபரப்பு நிலையத்திற்குக் கொண்டுவந்து கொடுத்தார். அதனைத் தொடர்ந்து விடுக்கப்பட்ட வேண்டுகோளின் பயனாக அடுத்த ஆண்டிற்குள் 2,000க்கும் மேற்பட்ட படங்கள் திரண்டன. தூரிகை பிடித்தறியாத கைகள் கரிக்கோலாலும் வண்ணக்கோலாலும் பள்ளிச் சிறார் பயன்படுத்தும் நீர்வண்ணத்தாலும் வரைந்தவை அவை.

இப்படங்களில் பலவற்றில் தாளின் வெற்றிடம் எழுத்தால் நிரம்பியுள்ளது. இது எந்தப் பாலம், எத்தனை மணி, குண்டு வீழ்ந்த இடத்திலிருந்து எவ்வளவு தொலைவு, கிடந்தவர் என்ன கேட்டார், தம்மால் ஏன் கொடுக்க முடியவில்லை என்பன போன்ற குறிப்புகள். மாருகி இணையர் விட்ட இடத்தில் இவர்கள் ஊரையும் நேரத்தையும் எழுதினர். ஓவியர்க்கு வெற்றிடம் பொதுமையின் இடம். இவர்களுக்கு அது சாட்சியத்தின் இடம். குறிப்பாக, நீர் கேட்டவர்க்கு நீர் கொடாமல் வந்துவிட்டமை பற்றிய வருத்தம் இப்படங்களில் மீண்டும் மீண்டும் இடம்பெறுகிறது. துன்புற்றோர் தம்மை மாசற்றோராக எண்ணிக்கொள்ளவில்லை என்பதை இது காட்டும். 13ஆம் திரை கண்டறிந்த உண்மையை அதனினும் எளிய அளவில் இவர்கள் முன்பே அறிந்திருந்தனர்.

கருமணி இல்லாக் கண்கள்

1984இல் இணையர் வரைந்த 'ஒகினாவாப் போர்' 4 மீட்டர் உயரமும் 8.5 மீட்டர் அகலமும் கொண்டது. 1945 வசந்தத்தில் ஒகினாவாத் தீவில் நிகழ்ந்த போரில் பொதுமக்கள் பெருந்தொகையாக மாண்டனர். அமெரிக்கத் தாக்குதலால் இறந்தோர் ஒருபுறம். ஜப்பானியப் படையால் கொல்லப்பட்டோரும், அது விதைத்த அச்சத்தால் தம் குடும்பத்தாரைத் தாமே கொன்று மாண்டோரும் மறுபுறம். இரிக்கும் தோஷிக்கும் அப்போது அகவை எண்பதைக் கடந்தும் எழுபதைக் கடந்தும் இருந்தது. அவர்கள் ஒகினாவாவிற்குச் சென்று தங்கினர். போரில் தப்பியோரின் வாய்மொழியைக் கேட்டும் அத்தீவினரையே முன்னிறுத்தியும் வரைந்தனர். சூழ நின்று தாம் கண்டதைச் சொல்பவரும் வரையப்படுபவரும் ஒருவரேயாக அமைந்த நிலை 'ஆவிகள்' காலத்தில் வாய்க்காதது.

இவ்வோவியத்தில் பின்புலம் வெறுமையாக இல்லை. கடல் நீலமும் குருதிச் செம்மையும் தீயும் பாறைக் குகைகளும் உடல்களும் திரையை நிறைத்துள்ளன. வெற்றிடம் வேறிடத்திற்குப் பெயர்ந்துள்ளது. வரையப்பட்ட மாந்தருள் பெரும்பாலோர் கண்களில் கருமணி இல்லை. கோட்டால் வளைக்கப்பட்ட கண்ணுள் வெள்ளை மட்டுமே உள்ளது. கொல்பவர் யார், கொல்லச் சொன்னவர் யார் என்று காண மறுக்கப்பட்ட கண்கள் அவை என்றும், இறந்தோர் கண்கள் என்றும் உரைப்பர். இரண்டில் ஒன்றைத் தேர வேண்டிய தேவை இல்லை. முதல் திரையில் உருவங்களைச் சூழ நின்ற வெண்மை, முப்பத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின் உருவத்தின் உள்ளே, பார்வை இருக்க வேண்டிய இடத்தில் வந்து நிற்கிறது.

இவ்வோவியம் ஒகினாவாவின் கினோவான் நகரில் 1994இல் திறக்கப்பட்ட சகிமா கலைக்கூடத்தில் வைக்கப்பட்டது. அமெரிக்கப் படையின் ஃபுதென்மா தளத்திற்கு உட்பட்டிருந்து, உரியவர்க்குத் திருப்பித் தரப்பட்ட நிலத்தில் அக்கூடம் கட்டப்பட்டுள்ளது. ஓவியத்தைக் கண்டபின் படியேறி அதன் மேல்தளத்திற்குச் சென்றால், வேலிக்கு அப்பால் அத்தளம் தெரியும்.